எட்டுத் தலையும் சரி

புதுவழி இல்லத்தில் பையன்களை எண்ணுவதற்கென்றே ஒரு முறை இருந்தது. மணி அடித்ததும் எல்லாரும் முற்றத்தில் வரிசையாகக் குந்த வேண்டும். இரண்டு கையும் பிடரியில், தலை கவிழ்ந்து, பார்வை தரையில். வார்டன் பின்பக்கமாக நடந்துவந்து ஒவ்வொரு உச்சந்தலையிலும் விரலால் ஒரு தட்டுத் தட்டி எண்ணிக்கொண்டே போவார். முடிகிற வரைக்கும் ஒருத்தனும் நிமிரக் கூடாது. கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது. யார் கண்டுபிடித்த முறையோ, அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

இந்த வித்தையில் வார்டன் கலியமூர்த்தியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இடது கை வேட்டி நுனியைப் பிடித்திருக்கும், வலது கை டக் டக்கென்று தட்டிக்கொண்டே போகும். "இத்தினி வருசத்துல ஒரு தபா கணக்கு தப்பியிருக்குமா? சொல்லச் சொல்லு பாக்கலாம்!" என்று மீசையைத் தடவிக்கொள்வார். தப்பியதில்லை, உண்மைதான். ஆனால் எந்தத் தலை எந்தப் பையனுடையது என்று கேட்டால் முழிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய வார்டன் ஒருத்தர் சொல்லிக்கொடுத்திருந்தார். "மூஞ்சியப் பாக்காத. மூஞ்சியப் பாத்தா அவன் உங்கிட்ட எதனா கேப்பான். அப்பால உனக்குத் தூக்கம் வராது." கலியமூர்த்திக்குத் தூக்கம் ரொம்பப் பிடிக்கும்.

இல்லம் இருந்தது பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற வழியில். வழக்கில் மாட்டிய பதினெட்டு வயசுக்குட்பட்ட பையன்களை, இளஞ்சிறார் நீதி போர்டு விசாரித்து முடிக்கிற வரைக்கும் வைத்துக்கொள்கிற இடம். ஜெயில் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சூப்பிரண்டு ராஜசேகரனுக்குச் சுள்ளென்று ஏறும். "இது இல்லம்யா, இல்லம்!" என்பார். இல்லத்துக்கு எதற்கு சார் இத்தனை உயரத்துக்குச் சுவர் என்று எவனும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் ஒழியத்தான் வாயைத் திறக்கக் கூடாதே!

அந்த ராஜசேகரன் வேப்பம்பட்டில் மாடி வைத்து ஒரு வீடு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"கலியமூர்த்தி, பரிமாற ஆள் பத்தல. நம்ம பசங்கள்ல எட்டுப் பேரை வண்டியில கூட்டிட்டு வந்துடுங்க. நல்ல பசங்களாப் பாத்து."

"சார், போர்டு பர்மிசன் இல்லாம பசங்க கேட்டத் தாண்டக் கூடாதே சார்."

"பசங்களுக்கும் ஒரு மாறுதல் வேணாமாய்யா? வடை பாயசத்தோட சாப்பாடு போடுறேன். கல்லு உடைக்கவா கூப்பிடுறேன்?"

செங்கல் தூக்க ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டாயிற்று, அது வேறு விஷயம். கலியமூர்த்தியும் யோக்கியம் பேச முடியாது. தினம் காலையில் அவருடைய பைக்கைத் துடைப்பது அவர் பெற்ற பிள்ளையா என்ன? அதுவும் இல்லத்துப் பையன்தான். அதுவுமில்லாமல், வடை பாயசம் என்று காதில் விழுந்ததுமே சட்டம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது. "சரி சார்" என்றார்.

அந்த எட்டுப் பேரில் லோகேஷ் ஒருத்தன். குத்தம்பாக்கத்துப் பையன், பதினாறு வயசு. தெருவில் ஒருத்தன் யார் பைக்கையோ எடுத்துக்கொண்டு வர, அதன் பின்னால் ஏறி உட்கார்ந்ததுதான் இவன் செய்த குற்றம். ஓட்டியவன் குதித்து ஓடிவிட்டான், உட்கார்ந்தவன் மாட்டிக்கொண்டான். திங்கட்கிழமை போர்டில் அவனுக்கு வாய்தா. பையன் ஒழுங்காக இருக்கிறான் என்று இல்லத்திலிருந்து சொன்னால் போதும், அம்மாவோடு வீட்டுக்குப் போய்விடலாம். அம்மா சித்ரா திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடித் திங்கட்கிழமைக்கு லீவு வாங்கி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டு வீடு அமர்க்களப்பட்டது. வாசலில் வாழைமரம், மாடியில் பந்தல். ராஜசேகரனின் மனைவி வசந்தா ஒரு யோசனை செய்திருந்தாள். பரிமாறுகிற இளவட்டம் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் போட்டோவில் எடுப்பாக இருக்குமே என்று கட்டுக்கட்டாக மஞ்சள் பனியன் வாங்கிவைத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள். இல்லத்துப் பையன்களுக்கும் மஞ்சள் பனியன், சொந்தக்காரப் பையன்களுக்கும் மஞ்சள் பனியன். ராஜசேகரனின் தங்கை மகன் அசோக்குக்கும் ஒன்று. அம்பத்தூரில் பெரிய ஃப்ளாட்டில் வளர்கிற பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறான். பனியனை மாட்டிக்கொண்டானே தவிர, ஒரு கரண்டியைத் தொடவில்லை. காதில் எதையோ சொருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

லோகேஷோ பம்பரமாகச் சுற்றினான். "அக்கா, ரசம் போட்டுக்கங்க. பெரியப்பா, இன்னொரு அப்பளம்?" என்று பந்தியையே கையில் எடுத்துக்கொண்டான். வசந்தாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அந்தச் சுருட்டை முடிப் பையனை மாடிக்கு அனுப்புங்க, பாயச அண்டாவைத் தேய்க்கணும்" என்றாள். பிடித்துப்போனால் அண்டாவைத் தேய்க்க விடுவது நம் ஊர் மரியாதை.

கலியமூர்த்தி அதற்குள் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து நான்கு வடையை முடித்து, பாயசத்தைக் கையில் வாங்கிக் குடித்து, கண் சொருக எழுந்து வந்தார். வாசலில் வண்டியைக் கிளப்பிவைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார்.

"ஏய், மஞ்ச பனியனுங்களா! வண்டில ஏறு! டைம் ஆயிடுச்சு!"

அசோக்குக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அம்மாவோ சொந்தக்காரர்களோடு பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். மாமா ஆபீஸ் வண்டி எப்படியும் ஆவடி வழியாகத்தான் போகும், அங்கே இறங்கி அம்பத்தூர் பஸ் பிடிக்கலாம் என்று அவனும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான். முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்ததுதான் தெரியும், குறட்டையே விட்டுவிட்டான்.

மற்றப் பையன்கள் பழக்க தோஷத்தில் கையைப் பிடரியில் கோத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தார்கள். கலியமூர்த்தி பின்பக்கமாக வந்து டக் டக்கென்று தட்டினார். அசோக்கின் தலையிலும் ஒரு தட்டு.

"எட்டு. சரி."

எட்டுத் தலையும் சரியாகத்தான் இருந்தது. ஒரு தலை மட்டும் மாடியில் அண்டாவுக்குள் இருந்தது. வண்டியில் இருந்த ஏழு பையன்களுக்கும் இது தெரியும். கேட்டால் சொல்லியிருப்பார்கள். யார் கேட்டார்கள்?

இல்லத்து வாசலில் ஒவ்வொருத்தனையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவது வழக்கம். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிய அசோக்கின் பையில் கலியமூர்த்தியின் கை எதிலோ பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு போன். அதுவும் ஏனோதானோ போன் இல்லை, பின்பக்கம் மூன்று கண் வைத்தது. இல்லத்துப் பையனிடம் போன்! சூப்பிரண்டு வீட்டு விசேஷத்தில் திருடியிருக்கிறான்! கலியமூர்த்திக்குத் தலைக்கு மேல் ஏறியது. பளாரென்று விட்டார் ஒன்று.

"எங்கடா சுட்ட?"

"அங்கிள், இது என்னோடது அங்கிள்!"

"அங்கிளா? நான் உனக்கு அங்கிளா?" அதற்கு ஒன்று.

"ராஜசேகரன் எங்க மாமா!"

கலியமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். "உனக்கு சூப்பிரண்டு மாமா, எனக்குக் கலெக்டரு மச்சான். நட்றா உள்ள!"

அரிசி மூட்டையும் உடைந்த ஃபேனும் கிடக்கிற ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. அடங்காத பையன்களை அதில் தள்ளிப் பூட்டுவார்கள். அப்படிப் பூட்டச் சட்டத்தில் இடமில்லை, இல்லத்தில் இடம் இருந்தது. மூஞ்சி என்னவோ புதுசாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு மூன்று பேர் புதிதாக வந்தார்களே, அதில் ஒருத்தனாக்கும் என்று நினைத்தபடி கலியமூர்த்தி தாழ்ப்பாளைப் போட்டார். போனை மேஜை டிராயருக்குள் வைத்தார்.

டிராயர் உடனே முனக ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் திரையில் 'அம்மா' என்று வந்தது. நின்றது. மறுபடியும் அம்மா. அதற்குள் அவருடைய சொந்தப் போனும் அடித்தது. வசந்தா.

"அண்ணே, எங்க நாத்தனார் பையன் அசோக்கைப் பாத்தீங்களா? மஞ்சப் பனியன் போட்டிருப்பான். காணோம்னு அவங்க அம்மா அழுது ஆர்ப்பாட்டம் பண்றாங்க, நூறுக்கே போன் போட்டுட்டாங்க. ஆமா, உங்க பையன் ஒருத்தனை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்களே! அண்டா எல்லாம் பளபளன்னு தேய்ச்சு வெச்சுட்டு, வண்டி எப்ப வரும்னு கேட்டுட்டு நிக்கிறான்."

கலியமூர்த்தி போனைக்கூட அணைக்கவில்லை. "ஐயையோ!" என்று ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். உள்ளே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அசோக் தேம்பிக்கொண்டிருந்தான். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"தம்பி! கண்ணு! தெரியாம நடந்துபோச்சுப்பா. மன்னிச்சிடு நைனா, உன் கால்ல வேணாலும் உயுறேன்!"

அவனைக் கொண்டுவந்து தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். ஈரத் துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒத்தினார். டீ வரவழைத்தார், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் பையன்கள் கும்பலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பொடியன், "வார்டன், போன வாரம் எனக்கும்தான் உட்டீங்க. எனக்கும் பிஸ்கட்டு குடுப்பீங்களா?" என்றான்.

"ஓட்றா!" என்று கத்தினார் கலியமூர்த்தி. கத்திவிட்டாரே ஒழிய, நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது. அதை நின்று பார்க்க நேரமில்லை. அசோக்கை வண்டியில் முன்சீட்டில் உட்கார வைத்து வேப்பம்பட்டுக்கு விரட்டினார்.

வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் போலீஸ் பைக் நின்றது. இரண்டு காவலர்கள். காணாமல்போன பையனைத் தேடி வந்தவர்கள், வந்த கையோடு மஞ்சள் பனியனில் நின்ற லோகேஷைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ யார்ப்பா? எந்த ஊரு?"

கேட்டால் சொல்ல வேண்டுமே. லோகேஷ் சொன்னான். "லோகேஷ் சார். புதுவழி இல்லம் சார்."

காவலர் திரும்பி ராஜசேகரனைப் பார்த்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் மாலை வாசம்கூட இன்னும் போகவில்லை. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"நல்லவேளை வந்தீங்க சார்! இல்லத்துல சுவரேறிக் குதிச்சுத் தப்பிச்சு வந்திருக்கான். என்மேல உள்ள கோவத்துல என் வீட்டுக்கே திருட வந்திருக்கான்."

காவலர் லோகேஷின் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை.

"திருட வந்தவன் பாத்திரம் எதுக்கு சார் தேய்ச்சான்?"

"நடிப்பு சார், நடிப்பு. இவனுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"சரி, எழுதிக் குடுங்க. போர்டுல பாத்துக்கட்டும்" என்று, அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்ற அசோக்கின் கன்னத்து அடியையும் குறித்துக்கொண்டு காவலர் நோட்டை மூடினார்.

வசந்தா வாயைத் திறக்கப்போனாள். ராஜசேகரன் ஒரு பார்வை பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். லோகேஷ் ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த நாள் அம்மா வருவாள், வீட்டுக்குப் போகலாம் என்று இருந்த பையன். தப்பித்தான், திருட வந்தான் என்று எழுதினால் எங்கே விடப்போகிறார்கள்? பாவி மனுஷா, நன்றாக இருப்பாயா நீ!

ராஜசேகரன் கலியமூர்த்தியை வண்டி மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நாளைக்கு போர்டுல நீங்களும் அதையே சொல்லணும். அவன் குதிச்சதைப் பாத்தேன், துரத்தினேன், பிடிக்க முடியலன்னு."

"சார், நாமதானே சார் கூட்டிகினு..."

"நாமதான். அதனாலதான் சொல்றேன். உண்மை வெளிய வந்தா எனக்கு முன்னாடி உங்க வேலை போகும். எண்ணினது யாரு? நீங்க. அசோக்கை அடிச்சது யாரு? நீங்க. என் தங்கச்சி உங்கமேல கேஸ் குடுத்தே தீருவேன்னு நிக்கிறா. நான் பேசி அடக்கிக்கிறேன். நீங்க இதை மட்டும் சொல்லுங்க."

திரும்பி வருகிறபோது லோகேஷ் மட்டும்தான் வண்டியில். ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. திருவள்ளூர் வண்டி ஒன்று தடதடவென்று போயிற்று. கலியமூர்த்தி பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏன்டா, அண்டாவ தேய்ச்சிகினு இருந்தியே, ஸ்டேசன் இங்கதான கீது. ஓடினா யாரு உன்னப் பாத்தா? ஓடித் தொலைச்சிருக்கலாமே?"

"நாளைக்கு அம்மா வருது வார்டன்."

அவ்வளவுதான் சொன்னான். கலியமூர்த்தி கண்ணாடியில் அவனைப் பார்த்தார். வலது புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு. மேல் உதட்டில் இப்போதுதான் அரும்புகிற மீசை. இரண்டு மாசமாகத் தினம் தட்டின தலைதான். இப்படி ஒரு மூஞ்சி அதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

வீட்டில் மனைவி லோகநாயகியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சாதத்தைப் போட்டுக்கொண்டே கேட்டாள். போடுவதை நிறுத்தவில்லை.

"நமக்கின்னா வந்துச்சு? சூப்பிரண்டு சொன்னத சொல்லிட்டு வா. பொண்ணு காலேஜ்ல கீது. உனக்கு வேல போச்சுன்னா இந்த வயசுல எவன் குடுப்பான்?"

"அந்தப் பையன் ஊட்டுக்குப் போக முடியாதேடி."

"உன்ன எவன் வடை துன்ன சொன்னான்?" என்றாள் லோகநாயகி. கலியமூர்த்தி பாதிச் சாதத்தில் கையைக் கழுவினார். பழைய வார்டன் சொன்னது நிஜம்தான், அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை போர்டு. கோர்ட் மாதிரி உயர்ந்த மேடையெல்லாம் கிடையாது. ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் மாஜிஸ்திரேட் அம்மா, பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். எதிரே நாற்காலிகள். கடைசி நாற்காலியில் சித்ரா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் மகனுக்குப் புதுச் சட்டை. அதைப் போட்டுத்தான் அழைத்துப்போக வேண்டும் என்று கொண்டுவந்திருந்தாள்.

ராஜசேகரன் எழுந்து கணீரென்று சொன்னார். சுவர் ஏறினான், குதித்தான், வீடு புகுந்தான். சொல்லச் சொல்ல சித்ராவின் கை அந்தப் பையைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டு அட்ரஸ் இவனுக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிச்சுத் தெரிஞ்சிருப்பான் மேடம். வார்டன் நேர்ல பாத்திருக்கார். கேளுங்க."

"வார்டன் யாரு?"

கலியமூர்த்தி எழுந்தார். ஆமாம் என்ற ஒரே ஒரு சொல்தான். அது வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. துப்ப வேண்டியதுதான் பாக்கி. "நான்தாம்மா" என்றார்.

"இருங்க, உங்ககிட்ட அப்புறம் வரேன். முதல்ல பையனைக் கேக்கிறேன். லோகேஷ், இங்க பாருப்பா. நேத்து என்ன நடந்தது? நீயே சொல்லு."

அறையே அவனைப் பார்த்தது. லோகேஷ் மாஜிஸ்திரேட் பக்கம் பார்க்கவில்லை, அம்மா பக்கமும் பார்க்கவில்லை. கலியமூர்த்தி பக்கம் திரும்பினான்.

"சொல்லலாமா வார்டன்?" என்று கேட்டான்.

கிண்டல் இல்லை. பயம்கூட இல்லை. பழக்கம். தன்னை வீட்டுக்கு விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆள் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார், அதற்கு வாய் திறக்க இந்தப் பையன் தன்னிடம் பர்மிஷன் கேட்கிறான்! இத்தனை வருசத்தில் தான் என்ன வேலை பார்த்தோம் என்பது அந்த ஒரு கேள்வியில் கலியமூர்த்திக்கு விளங்கிப்போயிற்று.

"நீ இருப்பா. நான் சொல்றேன்" என்றார்.

ராஜசேகரன் நாற்காலி நுனிக்கு வந்தார். கலியமூர்த்தி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அவன் ஓடலம்மா. செவுரும் ஏறல, ஒண்ணும் ஏறல. சூப்பிரண்டு ஊட்டு விசேசத்துக்குப் பரிமாற நாங்கதான் வண்டி வெச்சு எட்டுப் பேர இட்டுகினு போனோம். கூட்டிகினு போனதும் நானு, எண்ணினதும் நானு. இவன உட்டுட்டு, சூப்பிரண்டு தங்கச்சி பையன இட்டுகினு வந்துட்டேன். ஓடணும்னா இவன் எப்பவோ ஓடியிருப்பான். ஸ்டேசன் பக்கத்துலயே கீது. பாத்திரம் தேய்ச்சிகினு வண்டிக்குக் காத்துகினு இருந்தாம்மா."

"கலியமூர்த்தி!" என்றார் ராஜசேகரன்.

"நீங்க உட்காருங்க" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் ராஜசேகரன் உட்கார்ந்துவிட்டார். "வார்டன், அந்த இன்னொரு பையன் கன்னத்துல அடிபட்டிருக்குன்னு போலீஸ் எழுதியிருக்காங்க. அடிச்சது யாரு?"

"நான்தாம்மா அடிச்சேன்."

"ஏன்?"

"நம்ம இல்லத்துப் பையன்னு நெனச்சி அடிச்சிட்டேம்மா."

சொல்லிமுடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மாஜிஸ்திரேட் அம்மாவின் பேனா நின்றது.

"இல்லத்துப் பையன்னா அடிக்கலாமா?"

"அடிக்கக் கூடாதும்மா." தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அடிப்போம்மா."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. லோகேஷை அம்மாவோடு அனுப்ப உத்தரவு போட்டார்கள். இல்லத்தில் யார் யாரை எதற்கெல்லாம் வெளியே கூட்டிப்போனார்கள், ஸ்டோர் ரூமில் யார் யாரைப் பூட்டினார்கள் என்று விசாரிக்க ஒரு அதிகாரியைப் போட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் ராஜசேகரனும் வேண்டாம், கலியமூர்த்தியும் வேண்டாம், இருவரும் இல்லத்துக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ராஜசேகரன் கலியமூர்த்தியை ஏறெடுத்தும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். உண்மை சொன்னதற்காக யாரும் கலியமூர்த்திக்குச் சலுகை காட்டவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தார். வேலை போன மாதிரிதான். வீட்டுக்குப் போய் லோகநாயகி முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. ஒரு டீ குடிக்கலாம் போலக்கூட இருந்தது. பரவாயில்லை, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று தனக்குத்தானே ஒரு ஷொட்டுக் கொடுத்துக்கொள்ளப்போனார்.

அப்போது சித்ரா வந்தாள். பக்கத்தில் புதுச் சட்டையில் லோகேஷ், சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. சித்ரா அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"அண்ணா, நீங்க மட்டும் சொல்லலன்னா எம்புள்ள கதி இன்னா ஆயிருக்கும்! நீங்க நல்லா இருக்கணும்ணா. உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்."

கும்பிடுவதைப் பார்க்கப் பார்க்க கலியமூர்த்திக்கு உட்கார முடியவில்லை, எழுந்தார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். எவனுக்குத் தெரியப்போகிறது? வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"என்னக் கும்பிடாதம்மா. உம்புள்ளைய நான் அடிச்சிருக்கேன்."

"உள்ள சொன்னீங்களே, கேட்டுகினுதான் இருந்தேன். பசங்கள அடிப்போம்னு."

"இவனயும்தாம்மா. ரெண்டு மூணு தபா."

சித்ரா மகனைப் பார்த்தாள். லோகேஷ் புதுச் சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கூப்பின கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"எதுக்கு அடிச்சீங்க?"

சண்டை பிடிக்கிற குரல் இல்லை. பெற்றவள் தெரிந்துகொள்ளக் கேட்டாள். கலியமூர்த்தி யோசித்தார். தட்டைக் கழுவாததற்கா? எதிர்த்துப் பேசினானா? வரிசையில் நிமிர்ந்தானா? முட்டி முட்டி யோசித்தார். அடித்தது நிச்சயம். எதற்கு என்று ஒன்றுமே வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

"அவனுக்கு இருக்கும்" என்றாள் சித்ரா. குத்தம்பாக்கம் போகிற பஸ் வந்து நின்றது. மகனை முன்னால் ஏற்றிவிட்டு, அவளும் ஏறிக்கொண்டாள்.